தலைகீழாய் ஒட்டிய இரண்டு முழம்

“கையை எடுங்க!”

நான் போட்ட சத்தத்தில் கோயம்புத்தூர்க்காரரின் கையிலிருந்த பிளேடு மேசையில் விழுந்தது. பாவம், நல்ல மனிதர். பேங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே பழைய எட்டு எம்.எம். சிரிப்புப் படங்களைச் சேர்க்கிற பைத்தியம். பர்லியாரில் பஸ் நின்றபோது இறங்கி எனக்காக மங்குஸ்தான் வாங்கி, பையை மடியில் வைத்தபடியே மலையேறி வந்திருந்தார். அந்த மனிதரிடம்தான் இப்படிக் கத்தினேன்.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. என் அலமாரியிலிருந்து ஒரு ரீலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“ஏனுங்க, இங்க ஒரு துண்டு தலைகீழா ஒட்டியிருக்குதுங்க. முன்னால வர வேண்டியது பின்னால, பின்னால வர வேண்டியது முன்னால. ரெண்டு வெட்டு, ரெண்டு ஒட்டு. ஒரு நிமிசத்துல சரி பண்ணிப் போடலாமுங்க.”

“எனக்குத் தெரியுங்க. அது அப்படியே இருக்கட்டும்.”

“தெரிஞ்சேவா வெச்சிருக்கறீங்க?”

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கரண்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

தேயிலை விலை விழுந்த காலத்துக் கதை அது. அதைச் சொல்லாமல் கோயம்புத்தூர்க்காரருக்குப் பதில் சொல்ல முடியாது.

கம்பளி வாங்கப் போனவள்

சென்ற வாரம் ஊட்டி காந்தலில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “உங்களுக்கு இந்தச் சினிமாப் பைத்தியம் எப்போது பிடித்தது?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் பிடித்தது. அப்பா வீட்டில் இருந்தபோது பிடித்திருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும்.

அப்போது நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் ஆபீசில் டைப்பிஸ்ட். ஏதோ ஒரு தோட்டத்து பங்களாவைக் காலி செய்கிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று ஆபீசில் பேச்சு வந்தது. நல்ல கம்பளி கிடைக்கும் என்று போனேன். கம்பளியில் பூச்சி அரித்திருந்தது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் சின்ன புரொஜெக்டரும், அதோடு படம் போட்ட அட்டைப் பெட்டிகளும் இருந்தன. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒருவன் விழுந்துகொண்டிருந்தான். ஒருவன் ஏணியிலிருந்து, ஒருவன் கழுதையிலிருந்து, ஒருவன் கல்யாண மேடையிலிருந்து.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“ஏனம்மிணி, ராத்திரிக்கு இதைத்தான் போத்திக்கறதா?” என்றார்.

அவருக்கு அவ்வளவுதான் கோபம் வரும். எனக்கு வருகிற கோபத்தில் கால்வாசிகூட அவருக்கு வராது.

வெட்டியவர்கள்

எட்டு எம்.எம். என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வீடியோ வராத காலம். வசதியானவர்கள் வீட்டுச் சுவரிலேயே சினிமா பார்க்கச் சீமையில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். தியேட்டரில் ஓடி முடிந்த சிரிப்புப் படத்தை எடுத்து, வெட்டிச் சுருக்கி, சுண்டுவிரலில் பாதி அகலத்துக்கு ஃபிலிமில் பிரதி போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து விற்பார்கள். ஒன்றரை மணி நேரப் படம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சு கிடையாது, நடுநடுவே எழுத்து வரும். லீவில் ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரைகள் வாங்கி வந்தார்கள். அவர்கள் போனார்கள், பெட்டிகள் பங்களா அலமாரியிலேயே கிடந்தன.

எல்லோரும் நடித்தவர்களைப் புகழ்வார்கள். எனக்கு வெட்டியவர்கள் மேல்தான் காதல்.

யோசித்துப் பாருங்கள். ஒரு முழுப் படத்தை உங்கள் கையில் கொடுத்து, இதில் கால் மணி நேரம் மட்டும் வைத்துக்கொள், ஆனால் கதையும் புரிய வேண்டும், சிரிப்பும் வர வேண்டும் என்றால் எதை எறிவீர்கள்? பெயர் தெரியாத யாரோ ஒரு ஆள், எங்கோ ஒரு அறையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். பாட்டு போகும், அழுகை போகும், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் போவார்கள். விழுகிறவன் விழுவது மட்டும் ஒரு சொட்டுக்கூடக் குறையாது. பெட்டியின் மேல் நடிகன் படம் இருக்கும், இந்த மனிதரின் பெயர் எங்கேயும் இருக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு ரீலில் கடைசியில் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். படத்தில் அதற்கு முன்னால் அவர் எங்கேயுமே வரமாட்டார். யார் என்று எங்களுக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து அதே படம் முழுசாக டிஸ்க்கில் கிடைத்தபோது பார்த்தேன். கிழவர் பெண்ணின் மாமா. படத்தில் பாதி அவர்தான். வழக்கு, கடன், நெஞ்சுவலி என்று ஆளை இழுத்துக்கொண்டே போகிறார்கள். எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கத்தரிக்கோல்காரர் அத்தனையையும் எறிந்துவிட்டு, அந்தக் கண்ணீரை மட்டும் மனசு கேட்காமல் விட்டுவைத்திருக்கிறார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கிழவர் யார் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. அவர் கல்யாணத் தரகர். கமிஷன் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறார். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் செல்லம்மா.

செல்லம்மாவின் சிரிப்பு

செல்லம்மாவை நான் சரியாகச் சொல்ல வேண்டும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம்; அதற்குக் கீழே இருந்த எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவளுக்கு வரிசை வீடு ‘லயம்’தான், அறை ‘காம்பரா’தான், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் இடம் ‘பிள்ளை மடுவம்’தான். ஆள் குள்ளம். சிரிப்பு மட்டும் அடுத்த மலையில் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவேன். லயத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். படத்தில் வருகிற எழுத்தை நான் படித்துச் சொல்ல ஆரம்பித்தால் செல்லம்மா கையமர்த்திவிடுவாள். “நீங்க கம்முனு இருங்கக்கா, அவுங்க என்னா பேசுறாகன்னு எனக்குத் தெரியும்” என்பாள். பிறகு அவளே எல்லோருக்கும் பேசுவாள். போலீஸ்காரனுக்குக் கங்காணி குரல், பணக்காரிக்குப் பெரிய துரையின் சம்சாரம் குரல், கழுதைக்கு அவள் மாமியார் குரல்.

ஒரு ரீலில் கதாநாயகி ஆரம்பத்தில் ஒரு தடவை ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். அடுத்தது கடைசியில் மாலையோடு நிற்பாள். நடுவில் இருந்த காதலைக் கத்தரிக்கோல்காரர் எறிந்துவிட்டார். யாரோ “என்ன இது, அதுக்குள்ள கல்யாணமா?” என்று கேட்டார்கள்.

“ஏன், எனக்கு மட்டும் எப்பிடி ஆச்சாம்? ஒருக்கா எட்டிப் பாத்தேன், மாலைய போட்டுப்புட்டாக” என்றாள் செல்லம்மா. அன்றைக்கு அவள் புருஷன் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் இருந்தால்தான் படம் படமாக ஓடியது. அவளுடைய சிரிப்பு கேட்காவிட்டால் மற்றவர்கள், இது சிரிக்கிற இடம்தானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான் கம்பளி வாங்கப் போய்ச் சேர்த்துக்கொண்ட பெரிய சொத்து அவள் என்று நினைத்துக்கொள்வேன். அவளிடம் சொன்னதில்லை.

தேயிலை விழுந்தது

பிறகு தேயிலை விழுந்தது.

ஏலத்தில் விலை போகாமல் திரும்பி வருகிற தேயிலைக்கு எங்கள் ஆபீசில் ‘அவுட் லாட்’ என்று பெயர். முன்பெல்லாம் எப்போதாவது அடிக்கிற வார்த்தை. அந்த வருஷங்களில் என் விரல் யோசிக்காமலே அந்த எழுத்துகளைத் தட்டியது. வெளிநாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள், நம்முடைய தூள் மட்டம் என்றார்கள், ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மலையில் யாரைப் பார்த்தாலும் முகம் தொங்கிப் போயிருந்தது.

தோட்டங்கள் கைமாறின, பங்களாக்கள் காலியாயின. ஒவ்வொரு பங்களா காலியாகும்போதும் ஒரு அலமாரி திறந்தது. தேயிலை விழ விழ என் அலமாரி நிறைந்துகொண்டு வந்தது. வேறு எப்படிச் சொல்வது? அதுதான் நடந்தது.

எமரால்டு பக்கம் ஒரு பங்களாவில்தான் அந்த ரீல் கிடைத்தது. அட்டைப் பெட்டி ஈரத்தில் உப்பி, ஃபிலிம் காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்தது. பெட்டி மேல் படத்தில் ஒரு நெட்டையான ஹோட்டல் சர்வர், கையில் டீ கெட்டிலோடு. அவன் எதிரே தடித்த பணக்காரர் ஒருவர். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தேன். நெட்டையன் பணக்காரருக்கு டீ ஊற்றுகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் நடந்து போகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே ஊற்றுகிறான். கோப்பை நிறைகிறது, தட்டு நிறைகிறது, மேசையிலிருந்து வழிந்து பணக்காரரின் மடியே நிறைகிறது. அவன் இன்னும் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். நான் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

சிரித்துத் திரும்பினால் அறையில் செல்லம்மா இல்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டிருந்தது.

கேட்டில் நடந்தது

என் வீட்டுக்காரர் டீமேக்கர். சொந்தத் தோட்டம் இல்லாமல், சுற்று வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூள் செய்கிற ஃபேக்டரி அது. என்ன இலை உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று சொல்கிற பொறுப்பு அவருடையது.

செல்லம்மாவும் புருஷனும் கொஞ்சம் தேயிலை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை என்று ஆனபிறகு அந்த நிலம்தான் அவர்களுக்கு அடுப்பு எரித்தது. பறிக்கிற இலையை எங்கள் ஃபேக்டரிக்குத்தான் கொண்டு வருவார்கள்.

ஒரு நாள் முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது. கிடங்கில் தூள் தேங்கிக் கிடக்கிறது, இலை எடுக்காதே. முந்தின நாள் சொல்லியிருந்தால் யாரும் பறித்திருக்க மாட்டார்கள். மத்தியானம் சொன்னார்கள். அதற்குள் கேட்டுக்கு வெளியே மூட்டைகள் வரிசையில் நின்றன.

என் வீட்டுக்காரர் கேட்டுக்குப் போய்த் தானே சொன்னார். வாட்ச்மேனை விட்டுச் சொல்லியிருக்கலாம், அவர் அப்படிச் செய்யமாட்டார். எல்லோரும் முணுமுணுத்துவிட்டு மூட்டையைத் தூக்கினார்கள். செல்லம்மா மட்டும் தூக்கவில்லை.

“இத எங்கங்கய்யா கொண்டு போறது?” என்று கேட்டிருக்கிறாள்.

“நான் என்னங்க பண்ணட்டும்? மேல இருந்து சொல்லிட்டாங்க.”

“பறிச்சாச்சேங்கய்யா. திரும்பிப் போயி செடியில ஒட்டவா முடியும்?”

 செல்லம்மா மூட்டையை அவிழ்த்து, கேட்டுக்கு முன்னாலேயே இலை முழுவதையும் கொட்டிவிட்டுச் சாக்கை மட்டும் உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவாமல், நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

“ஒட்டவா முடியும்னு கேட்டுப் போட்டா அம்மிணி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

அடுத்த மாதம் ஃபேக்டரியையே மூடிவிட்டார்கள். திருப்பி அனுப்பியவரும் வீட்டில்தான், திருப்பி அனுப்பப்பட்டவர்களும் வீட்டில்தான். ஆனாலும் லயத்து வழியாகக் கடைக்குப் போவதை அவர் விட்டுவிட்டார். மேலே சுற்றிக்கொண்டு, பைப்லைன் பாதையில் போய் வந்தார். செல்லம்மாவும் எங்கள் பக்கம் வரவில்லை. வழியில் என்னைப் பார்த்தால் “வாறேன்க்கா” என்பாள், நிற்கமாட்டாள்.

எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். ஏலத்தில் யாரோ கை தூக்காததற்கு இங்கே ஒரு நல்ல மனுஷனும் ஒரு நல்ல மனுஷியும் முகம் பார்க்காமல் போக வேண்டுமா? அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். புரொஜெக்டருக்குத் துணி போட்டு மூடி வைத்தேன்.

பல்லும் துளையும்

மாரியம்மன் திருவிழா வந்தது. மற்ற வருஷங்களில் லயத்தில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். அந்த வருஷம் யாரிடமும் அதற்கு வழியில்லை. கோயில் கமிட்டியில் இருந்து வந்து, “உங்க ரீலாவது போடுங்கம்மா” என்று என்னைக் கேட்டார்கள். ‘ரீலாவது’ என்ற வார்த்தைக்கு வேறு நேரமாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

டீ ஊற்றுகிற படத்தைப் போடுவதென்று முடிவு செய்தேன். முந்தின நாள் காலையில் ஓட்டிப் பார்த்தபோது காய்ந்த ஃபிலிம் இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. நடுவில் ஒரு துண்டு தனியாகக் கையில் வந்தது. பூவாக இருந்தால் இரண்டு முழம் இருக்கும். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

“நீ போ. நான் ஒட்டி வெக்கறேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தனை வருஷத்தில் அவர் என் ஃபிலிமைத் தொட்டதில்லை. ஃபேக்டரி மூடியபிறகு ஒரு வேலையையும் அவராகக் கேட்டு வாங்கியதும் இல்லை. பிளேடையும் டேப்பையும் கொடுத்துவிட்டு, ஆயிரம் ஜாக்கிரதை சொல்லிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஒட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. டேப்பில் ஒரு குமிழ் இல்லை. மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்றால் கரண்ட் இல்லை.

பின்னால் கேட்டபோதுதான் அவர் எப்படி ஒட்டினார் என்பது தெரிந்தது. எட்டு எம்.எம். ஃபிலிமில் ஒரு ஓரத்தில் மட்டும்தான் துளை இருக்கும். புரொஜெக்டரின் பல் அந்தத் துளையைப் பிடித்துத்தான் படத்தை இழுக்கும். இவர் வாழ்நாளெல்லாம் மிஷினோடு இருந்தவர். துளை இருக்கும் ஓரம் நேராக வந்துவிட்டதா என்று பத்துத் தடவை பார்த்திருக்கிறார். பல்லும் துளையும் பொருந்திவிட்டால் எந்த மிஷினும் ஓடும் என்பது அவர் கணக்கு. அந்தப் பொடிப் படத்துக்குள் இருக்கிற ஆள் நிற்கிறானா தொங்குகிறானா என்று பார்க்கவே இல்லை.

பிள்ளை மடுவத்தில்

படம் போட்டது பிள்ளை மடுவத்தில். தொட்டில் துணிகளை அவிழ்த்துவிட்டு, சுவரில் வேட்டியைக் கட்டியிருந்தார்கள். சாயங்காலமே மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டதால் கதவைச் சாத்தினால் நல்ல இருட்டு. புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த என் வீட்டுக்காரர், “நான் வெளிய நிக்கறேன் அம்மிணி” என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

செல்லம்மா வந்திருந்தாள். அவளுடைய லயம், அவளுடைய கோயில், வராமல் எப்படி இருப்பாள்? கடைசி வரிசையில் சுவரோரமாக, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படம் ஆரம்பித்தது. நெட்டையன் கதவில் இடித்துக்கொண்டான். யாரோ லேசாகச் சிரித்தார்கள். எல்லோரும் செல்லம்மா பேசுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் பேசவில்லை. நெட்டையன் கெட்டிலை எடுத்தான். பணக்காரர் கோப்பையை நீட்டினார்.

அப்போது ‘டக்’ என்று முதல் ஒட்டு கடந்தது. மடுவமே தலைகீழாகிவிட்டது.

மேசை கூரையில் இருந்தது. பணக்காரர் கூரையில் உட்கார்ந்திருந்தார். நெட்டையன் வௌவால் போலத் தொங்கினான். படம் கொஞ்சம் மங்கலாகவும் தெரிந்தது. காலமும் பின்னோக்கி ஓடியது. பணக்காரரின் மடியில் கொட்டியிருந்த டீ எல்லாம் சேர்ந்து கிளம்பி, மேசைக்கு வந்து, தட்டுக்கு வந்து, கோப்பைக்கு வந்து, கோப்பையிலிருந்து ஒரே தாரையாகக் கெட்டிலுக்குள் இறங்கியது. ஆட்கள்தான் தலைகீழ். டீ மட்டும் ஒழுங்காக மேலிருந்து கீழே விழுந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் திரும்பி வந்த இடத்துக்கே போய்விட்டது.

 ஓட்டத்தை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. கொண்டுவந்த இலையைத் திருப்பி அனுப்பியது போதாதென்று, திருவிழாவில் படம் போட்டு வேறு காட்டுகிறார்கள் என்றுதானே நினைப்பார்கள்?  புரொஜெக்டர் மட்டும் கடகடத்தது. இரண்டாவது ஒட்டு கடந்தது, நெட்டையன் நேராக நின்றான். நான் புரொஜெக்டர் விளக்கை அணைத்தேன்.

“யாருங்கக்கா இத ஒட்டுனது?”

பின்னாலிருந்து செல்லம்மாவின் குரல். மாதக்கணக்கில் கேட்காத குரல்.

நான்தான் என்று பொய் சொல்ல வாய் வரை வந்தது. முடியவில்லை. “எங்க ஊட்டுக்காரருதான் செல்லம்மா. தெரியாம ஒட்டிட்டாருங்க” என்றேன். 

 பிறகு அந்த இருட்டில், முதலில் மூக்கிலிருந்து, அப்புறம் வயிற்றிலிருந்து, அந்தச் சிரிப்பு வந்தது.

“அடி ஆத்தே! திரும்ப ஒட்டவா முடியும்னு அன்னிக்கி கேட்டில நின்னு கத்துனேன். ஒட்டிப்புட்டாரே! ஊத்துன டீயையே திருப்பி ஒட்டிப்புட்டாரே டீமேக்கரய்யா!”

மடுவம் அதிர்ந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கூட்டமும் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையைத் தட்டிக்கொண்டு, பக்கத்து ஆள் தோளில் விழுந்து சிரித்தார்கள். “அவுட் லாட்டுப்பா, அவுட் லாட்டு!” என்று யாரோ கத்தினார்கள். “கோப்பையே வாங்க மாட்டேங்குது!” என்று இன்னொருவர். விலை போகாத தேயிலை அந்த மலையில் அன்று ஒரு நாள்தான் சிரிப்பைக் கொடுத்தது.

செல்லம்மா எழுந்து, ஆட்களைத் தாண்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். மஞ்சோடு சேர்ந்து என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“என்னாங்கய்யா வெளிய நிக்குறீங்க? உள்ள வாங்க. இதே மாதிரி எங்க கொழுந்தையும் செடியில ஒட்டி விட்டுருங்க. டேப்பு நாங்க வாங்கித் தாறோம்.”

 மூட்டையைத் திருப்பிய அன்றைக்கு அழாதவர் அங்கே நின்று அழுதார். சிரிக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சிரிக்கவும்தான் செய்தார். செல்லம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, முன் வரிசையில், கமிட்டிக்காரர்களுக்கு நடுவே உட்கார வைத்தாள்.

“அக்கா, இன்னொருக்கா போடுங்க. அந்தத் தொங்குறவனுக்கு நான் பேசணும்” என்றாள்.

ரீலைத் திருப்பிச் சுற்றினேன். அன்றைக்கு எத்தனை தடவை போட்டேன் என்று நினைவில்லை. தொங்குகிறவனுக்கு அவள் கொடுத்தது எங்கள் முதலாளியின் குரல். “எடுக்காத, எடுக்காத, எல்லாத்தையும் உள்ள ஊத்து” என்று அவள் மூக்கால் பேசப் பேச, என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஃபேக்டரியில் அந்தக் குரலுக்கு இத்தனை வருஷம் கை கட்டி நின்றவர் அவர்தானே.

இதனால் தேயிலை விலை ஏறவில்லை. செல்லம்மா குடும்பம் குத்தகையை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டது. ஆனால் போகிற நாள் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். திருவிழாவுக்கு மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் கடைக்கு லயத்து வழியாகவே போனார். இப்போதும் பொங்கலுக்குச் செல்லம்மா போன் செய்வாள். முதலில் கேட்பது, “அந்த ஆளு இன்னும் தொங்குறானாக்கா?” என்பதுதான்.

கத்தரிக்கோலோடு எங்கோ உட்கார்ந்திருந்த அந்தப் பெயர் தெரியாத மனிதரை நான் எவ்வளவு மெச்சுகிறேன் என்று மேலே சொன்னேன். அவர் வெட்டி வைத்த படங்களில் அவருக்கே தெரியாத இரண்டு முழம் என்னிடம் இருக்கிறது.

டீ வந்தது

கோயம்புத்தூர்க்காரர் முழுவதையும் கேட்டார். மேசையில் கிடந்த பிளேடை எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு ரீலை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஒட்டின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சேகரிப்பவர்களுக்கு ஒட்டைப் பார்த்தால் ஒட்டியவனின் கை தெரியும்.

“இத்தனை வருசத்துல விடவே இல்லீங்களே. என்ன சுத்தமான ஒட்டு! யாருங்க ஒட்டுனதுன்னு சொன்னீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படி வாசலில் கோப்பைச் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் டீயோடு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

“நானுங்க” என்றார்.